இறுக்கி மூடிய டப்பா

அன்புள்ள அக்கா,

இன்று பள்ளியில் ஆயாவோடு எனக்குச் சண்டை. பேச்சு வராத பிள்ளைகளுக்குச் சோப்புக் குமிழி டப்பாவை நான் இறுக்கி மூடித்தான் கொடுப்பேன். திறக்க முடியாமல் என்னைப் பார்ப்பார்கள். ஏதாவது கேட்கட்டும் என்று மனதுக்குள் பத்து எண்ணுவேன். அந்தக் காத்திருப்புதான் என் வைத்தியமே.

இரண்டு மாதமாக வாயே திறக்காத ஒரு வாண்டு இன்று உதட்டைக் குவித்தது. நான் எட்டு எண்ணிவிட்டேன். அதற்குள், "பாவம் டீச்சர், பச்சப் புள்ளைய ஏன் இப்படித் தவிக்க விடுறீங்க?" என்று ஆயா டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வாண்டு வாயை மூடிக்கொண்டு குமிழி ஊதப் போய்விட்டது.

நேற்று வீடியோ காலில் உன் மகளிடம், "கையில என்னடி செல்லம்?" என்றேன். "பொம்மை, சித்தி" என்றாய் நீ. "சாப்பிட்டியா?" என்றேன். "ஆச்சு, சித்தி." அதுவும் நீதான்! அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, அக்கா. கேட்டால், "நீயும் லேட்டாதானே பேசுன?" என்று என் வாயை அடைக்கிறாய்.

சனிக்கிழமை அவளை அழைத்து வா. நீ வெளியே உட்கார். கோபம் வந்தால் அம்மாவிடம் கேள்: நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாரம்தான் நான் முதல் வார்த்தை பேசினேனாம்.

உன் வாயாடித் தங்கை