உரிமையாளர்: மா இன்சூ

மார்ச் 4

நம்ஹே தீவுக்குப் போய்ப் படகைப் பார்த்தேன். மூன்று டன். அடிப்பாகம் முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டேன். எங்கும் உளுத்த சத்தம் இல்லை. இஞ்சின் அதிகம் ஓடாதது. நாலு வருடமாகக் கரையிலேயே கிடக்கிறதாம். விற்பவர் மா தொங்பால், எழுபது தாண்டியவர்.

"பேப்பரெல்லாம் சரியா இருக்குல்ல அண்ணே?"

"படகைப் பாரு தம்பி. பேப்பரா மீன் பிடிக்கப் போகுது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டில் என் மனைவி மியோங்ஜா சிரிக்கவில்லை. "போன தடவை, விக்கிறவனுக்குச் சொந்தமே இல்லாத படகை வாங்கப் போய் ஏமாந்து வந்து நின்னீங்களே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் படகில் கூலி. இந்தத் தடவை ஏமாறக் கூடாது.

மார்ச் 7

படகுப் பதிவு அலுவலகத்தில் சான்று எடுத்தேன். அடமானம் இல்லை. வழக்கு இல்லை. உரிமையாளர்: மா இன்சூ, வயது முப்பத்தொன்று.

"பெரியவரோட ஒரே மகன்," என்றாள் அங்கிருந்த பெண். நாலு வருடத்துக்கு முன், பிப்ரவரியில், தனியாகக் கடலுக்குப் போனவன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆளில்லாத படகைத்தான் கடலோரக் காவல்காரர்கள் இழுத்து வந்தார்களாம். உடல் கிடைக்கவில்லை.

"அப்போ அப்பா கையெழுத்துப் போட்டா போதுமா?"

"எப்படிப் போதும்? செத்ததா எங்கேயும் பதிவில்லையே. எங்க கணக்குல அவரு உயிரோடதான் இருக்காரு."

கோர்ட் அவனை இறந்தவனாக அறிவித்தால்தான் பெற்றோர் பெயருக்கு மாறுமாம்.

அந்தப் படகைத்தான் அத்தனை நேரம் தட்டிக்கொண்டிருந்தேனா?

மார்ச் 9

பெரியவரிடம் போனேன். "அவன் கையெழுத்து எனக்கு நல்லா வரும். போட்டுத் தர்றேன், யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். கோர்ட் விஷயத்தைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். உள்ளே கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் அலசிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குக் கேட்டுவிட்டது. ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"படகு வாங்க வந்தியா, என் புள்ளையப் பொணமாக்க வந்தியா?"

செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 28

பெரியவர் போன் செய்தார். கோர்ட்டில் மனு போட்டுவிட்டாராம். "அவளுக்குத் தெரியாது."

விட்டுடுங்க அண்ணே, நான் வேற படகு பாத்துக்கிறேன் என்றேன்.

"உனக்காகன்னு நினைச்சியா கில்சூ? நான் போறதுக்குள்ள அவனுக்கு ஒரு நாள் வேணும். செத்த நாள் இல்லாதவனுக்கு எந்த நாள்ல சோறு வைப்பேன்?"

ஜூன் 15

இன்சூவின் அம்மா பஸ் பிடித்து எங்கள் துறைமுகத்துக்கே வந்துவிட்டாள். கையில் கோர்ட் கடிதம். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. அவரு வாசிக்க மாட்டேங்கிறாரு. நீ வாசி."

வாசித்தேன். மா இன்சூ உயிரோடு இருப்பதையோ இறந்ததையோ அறிந்தவர்கள் டிசம்பர் இருபதுக்குள் தெரிவிக்க வேண்டும்.

"உயிரோட இருந்தாலும் தெரிவிக்கலாமா?"

"தெரிவிக்கலாம்மா."

"எல்லாரும் பாக்குற மாதிரி போடுவாங்களா?"

"போடுவாங்க."

முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை வருஷமா யாரும் தேடலியேன்னு இருந்தேன். இப்ப கோர்ட்டே தேடுது!" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு உன்னைத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதப்பா."

அவனை இறந்தவனாக அறிவிக்கத்தான் இந்தக் கடிதம் என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையசைத்தாள் — பாவி, ஏண்டா சொல்லல?

ஆகஸ்ட் 30

இன்சூவின் அம்மா போன் செய்தாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

இன்னும் இல்லம்மா.

அக்டோபர் 12

மறுபடியும்.

டிசம்பர் 20

இன்றோடு கெடு முடிந்தது. அவள் போன் வரவில்லை.

பிப்ரவரி 6

பெயர் மாற்றம். இருவரும் வந்திருந்தார்கள். அலுவலகப் பெண் தீர்ப்பை வாசித்தாள். காணாமல் போன நாளிலிருந்து ஒரு வருடம் முடிந்த அன்று அவன் இறந்ததாகக் கொள்ள வேண்டுமாம், அதுதான் சட்டமாம்.

இன்சூவின் அம்மா கேட்டாள்: "அந்த ஒரு வருஷமும் என் புள்ளை எங்க இருந்தானாம்?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் சுவரைப் பார்த்தார். இன்சூவின் அம்மாவே பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் முத்திரையை எடுத்தாள், சிவப்பு மையில் தொட்டாள், காட்டிய இடங்களில் பதித்தாள். மூன்று இடம். எதுவும் கோணவில்லை.

படகு என்னுடையது.

பிப்ரவரி 19

தீர்ப்பு சொன்ன நாள்; இன்சூவுக்கு முதல் திதி. கூப்பிட்டிருந்தார்கள், மியோங்ஜாவோடு போனேன். சோறு, சூப், பேரிக்காய், ஆப்பிள், அவனுக்குப் பிடித்த மாட்டிறைச்சி — இன்சூவின் அம்மா மேஜை நிறைய வைத்திருந்தாள். நானும் விழுந்து கும்பிட்டேன்.

எங்கள் பக்கம் படையல் என்றால் முதலில் வைப்பது மீன்தான். அவள் மீன் வைக்கவில்லை. கடலிலிருந்து வந்தது எதுவும் அந்த மேஜையில் இல்லை.