முதல் மழைக்குத் திறந்த மதகு

செப்டம்பர் 2
அப்பா இறால் பண்ணைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். மூன்று வருடமாக நெல் விளையாத வயல், குளம் வெட்டக் கொடுத்துவிடலாமாம். இன்னும் ஒரே ஒரு போகம் கேட்டேன்.
"இதுதான் கடைசி. விளையலைன்னா கையெழுத்து."

செப்டம்பர் 9
மண்ணை நக்கிப் பார்த்தேன். காலேஜில் படித்த விவசாயப் படிப்பைச் சரிபார்க்க நாக்கே போதும். கோடையில் கடல்நீர் ஏறி விட்டுப்போன உப்பு அப்படியே கிடக்கிறது. முதல் மழைக்கு எல்லோரும் மதகை அடைத்துத் தண்ணீரைத் தேக்குகிறோம். உப்பையும் சேர்த்தா?

செப்டம்பர் 21
காலையில் மழை. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து மதகுப் பலகையைத் தூக்கிவிட்டேன்.
பக்கத்து வரப்பில் சித்தப்பா.
"என்ன காலேஜு, கடலுக்குத் தாகமா?"
"உப்பு போகட்டும் சித்தப்பா."
"தண்ணியும்ல போகுது."
அப்பா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 29
மழை இல்லை.

அக்டோபர் 5
இல்லை. எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. சித்தப்பா வயலில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. தப்பு பண்ணிட்டேனா? யார்கிட்ட போய்க் கேக்கறது?
அம்மா தட்டை என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. வானத்துக்கு நீயா முதலாளி?"

அக்டோபர் 9
இரண்டு நாள் விடாத மழை. இம்முறை மதகை அடைத்தேன். பலகையின் மறுமுனையைப் பிடித்தது அப்பா.

அக்டோபர் 30
நட்ட நாற்று வேர் பிடித்துவிட்டது. சித்தப்பா வயலில் உப்பு ஏறி நுனியெல்லாம் கருகல். சந்தோஷப்படக் கூடாது. பட்டேன் — கொஞ்சம்.

ஜனவரி 22
அறுப்பு. களத்தில் நெல் குவியல் என் இடுப்பு உயரம். இறால் பண்ணைக்காரர் பைக்கை நிறுத்தினார். அப்பா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்; குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.
"குளத்துக்கு வேற இடம் பாருங்க. இங்க என் பொண்ணு விவசாயம் பண்றா."
குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்கினேன். கண்ணில் தூசி. தூசிதான்.

அடுத்த வருடம், செப்டம்பர் 14
முதல் மழை. மண்வெட்டியோடு ஓடினேன். எங்கள் மதகு முன்பே திறந்திருந்தது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்தது சித்தப்பாவின் மதகு, திறந்திருந்தது. அதற்கடுத்ததும். வாய்க்கால் நெடுகத் தண்ணீர் கலங்கலாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
"இவ்வளவு நேரமா தூங்குவ, காலேஜு?" என்றார் சித்தப்பா.