துறைமுகக் கேற்றுக்கு வெளியே

இன்று காலை எங்கள் கடற்கரை வீதிக்குத் தார் ஊற்றினார்கள். யன்னலைச் சாத்தினேன், வாசம் நிற்கவில்லை. சுடுதாரும் உப்புக்காற்றும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், ஊர்காவற்றுறையில் கதிரையில் இருந்த நான் கானா நாட்டுத் தெமாவில் போய் நின்றேன். அந்த வாசத்தில் ஒன்றுதான் குறைந்தது. உம்முடைய மீன் புகை.

நீர் கண்ணை மூடிவிட்டீர் என்று உம்முடைய மகள் போனில் சொல்லி ஒரு வருடமாகப் போகிறது. அன்று நாலு வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளுடையது ஓடுகிற இங்கிலீசு. எனக்கு, நீரும் நானும் சந்தையில் கதைத்த நொண்டி இங்கிலீசுதான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நீர் பள்ளிக்கூட வாசலே காணாத மீன்காரி. ஆனாலும் நாம் கதைக்காத கதை இல்லை. உம்முடைய பேச்சை எனக்குக் கேட்டமாதிரி என் தமிழிலேயே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

கொழும்புத் துறைமுகத்தில் கிறேன் திருத்தின என் வீட்டுக்காரருக்குக் கானா நாட்டில் வேலை கிடைத்துத்தான் நான் அங்கே வந்தேன். வந்த புதிதில் எனக்குத் தெமாவைப் பிடிக்கவில்லை. கோடு கீறினமாதிரித் தெருக்கள். எல்லாம் ஒரே அச்சில் வீடுகள். குடியிருப்புக்குப் பெயர் வைக்காமல் இலக்கம் வைத்திருந்தார்கள், கொமியூனிட்டி ஒன்று, கொமியூனிட்டி நாலு என்று. "பழசு எண்டு ஒண்டும் இல்லாத ஊர்" என்று மீன் வாங்க வந்த இடத்தில் சொல்லிவிட்டேன். நீர் மீன் கடகத்தைக் கீழே வைத்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஆர் உமக்குச் சொன்னது இது புது ஊர் எண்டு? நான் பிறந்த வீடு அந்தக் கிறேனுக்குக் கீழை கிடக்கு, சிஸ்டர்."

அடுத்த செவ்வாய்க்கிழமை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனீர். செவ்வாய் கடல் தெய்வத்தின் நாள், உங்கள் ஆட்கள் வள்ளம் இறக்கமாட்டார்கள். துறைமுக மதிலுக்கு வெளியே நின்று விரலால் காட்டிக் காட்டிச் சொன்னீர். கடல்தண்ணீர் தேங்குகிற இரண்டு களப்புக்கு நடுவில் சுரைக்கொடி படர்ந்த மீன்பிடிக் கிராமமாம். அந்தச் சுரைதான் ஊருக்குப் பெயரும் தந்ததாம். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் தலைநகர் அக்கராவுக்கு வெளியே ஆழத்தில் நிற்க, அலைக்குள்ளால் வள்ளம் வலித்துத்தான் கொக்கோ மூட்டைகளை ஏற்றினார்களாம். நாட்டுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும் என்று உங்கள் கடலைத் தெரிந்தெடுத்தார்கள். மலையை உடைத்துக் கல் கொண்டுவந்து கொட்டி, நண்டுக்கால் மாதிரி இரண்டு அணை கட்டினார்கள். உங்களுக்கு அங்காலே புது வீடு கட்டிவைத்து, எழும்புங்கள் என்றார்கள். வருடக்கணக்காக நீங்கள் எழும்பவில்லை.

"வீட்டுக்காக இல்லை. தெய்வங்கள் இருந்த இடம். அவை எழும்பாமல் நாங்கள் எப்பிடி எழும்பிறது?"

பூசாரிமார் முறைப்படி தெய்வங்களை எழுப்பிக் கொண்டுபோன பிறகுதான் சனம் நடந்தது என்றீர். உம்முடைய அம்மா லொறியில் ஏற மாட்டேன் என்று, அடுப்படி மண்ணைச் சீலைத்தலைப்பில் முடிந்துகொண்டு பின்னாலே நடந்தாவாம். புது வீட்டில் அந்த மண்ணைப் போட்டுத்தான் மீன் புகைக்கிற அடுப்பைக் கட்டினாவாம். நான் உம்முடைய வீட்டுக்கு வந்தபோது, அந்த அடுப்பின் வயிற்றைத் தட்டி, "இதுதான் பழைய ஊர்" என்று சிரித்தீர்.

நாங்கள் சண்டை பிடிக்காத கிழமை இல்லை. எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மீன் மச்சம் இல்லை என்று நான் பெருமை பேச, நீர் சொன்னீர்:

"ரண்டு நாளோ! உங்கடை தெய்வத்துக்கு என்ரை வியாபாரத்திலை பொறாமை."

அதற்குப் பிறகு கடைகளில் தட்டுகள் வெறுமையான காலம் வந்தது. கப்பல் குறைந்தது. பால்மா இல்லை, அரிசி இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. என் மூத்தவன் அழுத அழுகையை நீர்தான் அடக்கினீர். சோள மாவைப் புளிக்கவைத்து, உருட்டி, மடலில் பொதிந்து அவிக்கக் காட்டித் தந்தீர். உம்முடைய ஆட்களுக்கே மீன் போதாத நாளிலும் எங்களுக்கென்று ஒரு துண்டு கடகத்துக்கு அடியில் கிடந்தது. என் சொந்தத்தில் ஒருத்தர் அப்படிச் செய்திருப்பாரோ தெரியாது. செய்யாதவர்களின் பெயர்கள் எனக்கு வரிசையாய்த் தெரியும்.

ஆனால் ஒன்றை நான் விடவில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்புகிற நேரம், துறைமுகத்து வேலைத்தலத்தில் இவருக்குப் பிரியாவிடை வைத்தார்கள். விடியற்காலம் எழும்பி உமக்கென்று வடை சுட்டுக்கொண்டு போனேன். நீர் வாசல் கேற்றடி மட்டும் வந்தீர். அதற்கு மேலே ஒரு அடி வைக்கவில்லை.

"உள்ளுக்கை எங்கடை அம்மாவின்ரை குசினி கிடக்கு. அதை மிதிக்க என்னாலை ஏலாது, சிஸ்டர்" என்று, புகைத்த மீன் பொதியை என் கையில் வைத்தீர். "வெள்ளிக்கிழமை எண்டு தெரியும். நாளைக்குத் தின்னும்."

எனக்காக ஒரு நாள் மிதித்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். வடை ஆறிப்போனது. அந்தக் கோபத்தை ஊருக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் உங்கள் ஊருக்கு மறுவளம். சுங்கக் கட்டடமும் பாய்க்கப்பலும் பர்மா அரிசியும் என்று ஒரு காலத்தில் துறைமுகமாய் இருந்து, பிறகு கிராமமாய் ஒடுங்கிப்போனது. இப்போது இறங்குதுறைக்குப் போகிற எங்கள் கடற்கரை வீதியை அகலிக்கிறார்கள். அந்த ஓரத்தில், பூவரசுக்குக் கீழே, எங்கள் வைரவர் இருந்தார். ஒரு சூலம், ஒரு கல், ஒரு விளக்கு. சண்டைக் காலத்தில் அவரை விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறினோம். வருடங்கள் கழித்துத் திரும்பிவந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை; சூலம் அப்படியே நின்றது. அதனால்தான், போன மாதம் ஊர் அதிகாரி விதானையார் சொல்லாமல் கொள்ளாமல் மண் வெட்டுகிற பெக்கோ மெசினோடு வந்து நின்றபோது, நான் கதிரையைக் கொண்டுபோய்ச் சூலத்துக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

விதானையார் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். என் கலியாணத்தில் பாயாசத்துக்குச் சீனி காணாது என்று சபையில் சொன்ன சின்ன மாமியின் பிள்ளை.

"மச்சாள், எழும்புங்கோ. றோட்டு ஊருக்குத்தானே."

"றோட்டு வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? ஆஸ்பத்திரிக்குப் போற றோட்டு. முதல் வைரவர் எழும்பட்டும்."

"சூலத்தைப் புடுங்கிக் கோயிலடியிலை வைச்சு விடுறம். அஞ்சு நிமிசம்."

"உன்ரை கொம்மாவையும் அஞ்சு நிமிசத்திலை புடுங்கி வைப்பியோ?"

சனம் சிரித்தது. அவருக்கு முகம் கறுத்தது. அப்போதுதான் நான் உங்கள் கதையைச் சொன்னேன். கப்பல் வரப்போகிற துறைமுகமே தெய்வம் எழும்பும் மட்டும் காத்திருந்ததை. உம்முடைய அம்மா லொறியில் ஏறாததை. எல்லாவற்றையும் இருந்த இருப்பில் சொன்னேன்.

"ஆபிரிக்காக் கதை இங்கை எதுக்கு?" என்றார் விதானையார்.

பெக்கோ ஓட்டுகிற பெடியன் மெசினை நிற்பாட்டிவிட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றினான். "ஐயா, அவ்வளவு பெரிய துறைமுகம் கட்டினவையே காத்திருந்திருக்கினம். நான் இதிலை கை வைக்கமாட்டன்."

விதானையார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறன்" என்றார்.

ஐயரைக் கூப்பிட்டு, மேளம் பிடித்து, ஊரே நடந்துபோய் வைரவரை உள்ளே எங்கள் வளவு வேம்பின் கீழே இருத்தினோம். பழைய இடத்து மண்ணைச் சீலைத்தலைப்பில் முடிந்து கொண்டுபோய்ப் புதுக்குழியில் போட்டேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். உம்முடைய பெயரைச் சொன்னேன். ஒருத்தருக்கும் வாயில் நுழையவில்லை. விதானையாரும் தேங்காயோடு வந்தார். அந்த ஒரு நாளைக்குச் சீனிக் கதையை ஒத்திவைத்தேன்.

உம்முடைய மகள் படங்கள் அனுப்புகிறாள். இப்போது இன்னும் நீளமான அணை, வானம் முட்டுகிற கிறேன்கள், பெட்டிக்கு மேல் பெட்டி. அவளே ஒரு கிறேனில் ஏறி ஓட்டுகிறாள். நீர் தடுக்கவில்லையா என்று கேட்டேன். "அவள் போகலாம், அவளுக்கு உள்ளுக்கை குசினி இல்லை" என்று சொன்னீராம்.

பின்னேரம் தார் ஆறியதும் வீதியைப் பார்க்கப் போனேன். நல்ல வீதி, பொய் சொல்லக்கூடாது. பூவரசு நின்ற இடம் வந்ததும் கால் நின்றுவிட்டது. ஓரத்தில் இறங்கிப் புல்லுக்குள்ளால் நடந்தேன். விதானையார் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மச்சாள், புது றோட்டு இருக்கப் புல்லுக்கை இறங்கிறியள்?"

"அதிலை ஒராள் இருந்தவர், தம்பி. மிதிக்க ஏலாது."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே கேட்டது. கேற்றடிக் கோபத்தை இன்றோடு விட்டுவிடலாமோ என்று யோசித்தேன். விடமாட்டேன். அதுவும் உம்முடைய கையால் வந்ததுதானே. உம்முடைய அம்மாவின் அடுப்படி மண் மாதிரி அதுவும் என் முடிச்சில் இருக்கட்டும்.