நாலாம் நம்பர்

சின்னவனே,

இதை உன் சட்டைக்குள் மடித்து வைக்கிறேன். வாயால் பேசத் தொடங்கினால் நம் இருவரில் ஒருவர் எழுந்து போய்விடுவது வழக்கமாகிவிட்டது.

ஐஸ் ஹாக்கி அணிச் சட்டைகளுக்கு எண் தைப்பது என் வேலைதானே. நேற்று கமிட்டித் தலைவர் ஒரெஸ்ட் உன் சட்டையோடு வந்தார். "அக்கா, டார்சியோட நாலாம் நம்பரயே தம்பிக்கும் தைச்சிடுங்க. சனிக்கிழமை மேட்சுக்கு ஊரே வருது," என்றார். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்.

உன் அண்ணன் டார்சி அந்தப் பனிச்சாலை விபத்தில் போனதிலிருந்து ஐஸ் அரங்கில் எனக்கென்று ஓர் இருக்கையில் போர்வை விரித்து வைக்கிறார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. பின்வரிசைப் பேச்சு காதில் விழுகிறது.

"டார்சியா இருந்தா எதிராளிய ஓரத் தடுப்புப் பலகையோட சேத்து நசுக்கியிருப்பான். இவன் தடவிக் குடுக்கறான்!"

"டிஃபென்ஸ் ஆடறவன் தேறி வர நாளாகும்பா."

"அதுக்குள்ள நாம போய்ச் சேந்துடுவோம்."

பிறகு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அண்ணன் மோதித்தான் ரப்பர் வட்டைப் பறிப்பான். நீ மட்டையை நீட்டி, எதிராளி அறியுமுன் எடுத்துவிடுவாய். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. இப்போது நீயும் மோதுகிறாய். உன் தோள் கன்றிக் கிடப்பதைப் பார்த்தேன்.

நாலை வெட்டி ஊசியும் கோத்தேன். கை ஓடவில்லை. உன் பழைய இருபத்திரண்டையே தைத்துவிட்டேன். ஒரெஸ்ட் கத்தினால் அம்மா செய்தது என்று சொல். பிள்ளையைப் பறிகொடுத்தவளை இந்த ஊரில் யாரும் திட்டமாட்டார்கள்.

அந்த இருக்கையிலிருந்து என்னால் எழ முடியாது. நீ உன் நம்பரில் ஆடு.

அம்மா