முதல்ல பிளக்கப் பார்

மச்சான்,

இன்று காலை உன் மடிக்கணினியைக் கவிழ்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டினேன். விசைகளுக்கு நடுவிலிருந்து ஒரு நெல்மணி விழுந்தது. உன் வட்டை வயலில் விளைந்த நெல். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தேநீர் ஆறிப்போய்விட்டது என்று மனைவி வந்து ஏசிய பிறகுதான் நினைவு வந்தது.

இந்தக் கணினியைப் போன கிழமை உன் மனைவி வவுணதீவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து தந்தாள். "எனக்கு இத என்னெண்டு திறக்கிறதெண்டும் தெரியா அண்ணன். பாக்கப் பாக்க நெஞ்சு எரியுது. நீங்களே வச்சிருங்க" என்றாள். ஒரு கிழமையாகத் திறக்காமலே வைத்திருந்தேன். இன்றுதான் துணிந்தேன். அதன் குணம் கொஞ்சமும் மாறவில்லை. இணைப்பு வருகிறது, போகிறது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். நான் எழுந்து போய் முதலில் பிளக்கைப் பார்த்தேன். ஓமடா, சிரி. இப்போதுதான் பார்க்கிறேன்.

நீ அரசாங்கக் கச்சேரியில் கோப்பு எழுதும் லிகிதர், நான் தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பவன். வேலைக்காலம் முழுக்கப் புளியந்தீவில் ஒரே கடையில் பகல் தேநீர் குடித்தோம். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் பாலம் தாண்டி உன் வீட்டுக்கு வருவேன். பத்து மணிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து உன் மகள் திரையில் வருவாள். அவள் கம்பஸில் படித்தபோது வாங்கிய கணினி இது. கல்யாணம் முடித்துப் போகும்போது உனக்கென்று விட்டுப்போனாள். ரவுண் கடையில் கணினி திருத்துபவன் இதைப் பார்த்துவிட்டு, இனி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றான். நீ கோபத்தில் பையைக் கூட மூடாமல் வெளியே வந்துவிட்டாய். மகளின் சாமானை ஒருவன் குப்பை என்று சொன்னால் உனக்குப் பொறுக்குமா?

பிறகு நாமிருவருமே வைத்தியர்கள் ஆனோம். மகளின் முகம் சதுரம் சதுரமாக உடையும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், கடைசியில் இணைப்பே அறுந்துபோகும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கணினி தானாகவே வைஃபையை உறங்கவைக்கிறது என்று நீ எங்கோ படித்து அந்த அமைப்பை நிறுத்தினாய். கொஞ்சம் சுகம் தெரிந்தது. இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தாய். இன்னும் கொஞ்சம் சுகம். ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து டீவிக்குப் பக்கத்துக்கு மாற்றினோம்.

உண்மையான நோயைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒருநாள் மூடியை நன்றாகப் பின்னுக்குத் தள்ளினாய், இணைப்பு போனது. முன்னுக்கு இழுத்தாய், வந்தது. "மச்சான், கீல்தான்டா பிழை! வைஃபை வயர் இதுக்குள்ளாலதான் போகுது. மூடியக் கூடுதலாத் திறந்தா அது நசியுது" என்று துள்ளினாய். அன்றிலிருந்து மூடிக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணி நின்றது. சரியாமல் இருக்க அது நிறைய நெல். அந்தப் பேணியில் மூடி சாய்ந்திருக்கும் வரை உன் மகள் திரையில் இருப்பாள்.

ஆனால் கீலைத் தொடுவதற்கு முன்பு நீ சொல்வது ஒன்று இருந்தது. "முதல்ல பிளக்கப் பார். மறுகா மற்றதெல்லாம்." எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பாய்? நான் பெரிய மேதாவி போல, "ரவுட்டர்ல லைட் எரியுதுதானே" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வேன்.

நெஞ்சு நோகிறது என்று நீ போனாய். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவும் உன்னால் முடியவில்லை. மகளுக்கு அது எட்டாம் மாதம், விமானம் ஏற விடவில்லை. அவள் என்னை அழைத்தாள். "மாமா, வாய்க்கரிசி போடேக்க எனக்குக் காட்டுங்க. நானும் இஞ்ச அரிசி வச்சிருக்கன். அப்பாட முகத்தப் பாத்துப் போடோணும்." அதற்கு நான், "நான் இருக்கன் புள்ள, ஒண்டுக்கும் யோசியாத" என்றேன்.

உன் கால்மாட்டில் ஒரு ஸ்டூலில் கணினியை வைத்தேன். பேணியையும் மறக்கவில்லை. உன் முகம் அவளுக்குத் தெரிந்தது. ஒப்பாரிக்கு நடுவில் அவள் அழுகை தனியாகக் கேட்டது. வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். படம் சதுரம் சதுரமாக உடைந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்தேன். அந்த நொடியில் இணைப்பு அறுந்தது.

கீல்தான் என்று நினைத்தேன். பேணியை நெருக்கி வைத்தேன், மூடியை முன்னுக்கு இழுத்தேன், கணினியை நிறுத்தி மறுபடி போட்டேன். இணைப்பை மறக்கச் சொல்லித் தேடச் சொன்னேன். உன் வீட்டு ரவுட்டரின் பெயரே வரவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? சுற்றி நின்ற எத்தனை பேரின் கையில் நல்ல போன் இருந்தது! ஒருவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதன் நோய் எனக்குத் தெரியும் என்ற திமிர். "அண்ணன், நீங்க போடல்லையா?" என்று உன் மனைவியின் தம்பி கூப்பிட்டான். "ஒரு நிமிசம்" என்றேன். மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் அதையே சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

அந்தக் கடைசி நேரத்தில் உன் முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அரிசியும் போடவில்லை. பெட்டி தூக்கும்போது தோள் கொடுத்தேன், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வாகரையிலிருந்து வந்திருந்த உன் சின்னம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "அண்டைக்கு டீவில செவத்த லைட்டொண்டு மினுங்கிக்கொண்டு கிடந்திச்சு தம்பி. செத்த வீட்டில டீவி எரியலாமா? ஆரும் கவனிக்கல்ல. நான்தான் பிளக்கக் கழட்டி விட்டன்" என்றார். டீவியும் ரவுட்டரும் ஒரே நீட்டுவயரில் இருந்தன; அவர் கழட்டியது அந்த வயரின் பிளக்கை. அவர் உன் மரியாதைக்காகத்தான் செய்தார், அவரிடம் என்ன சொல்ல? "நல்லது செய்தீங்க சின்னம்மா" என்றேன். அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. சாப்பிடாமலே சைக்கிளை எடுத்தேன்.

அதன் பிறகு உன் மகள் என்னோடு பேசவில்லை. பேத்தி பிறந்த செய்தியைக்கூட உன் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு தரம் அழைத்தேன், எடுக்கவில்லை. கோபம், இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், என் வயிற்றை உனக்குத் தெரியும். ஆனால் ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் உண்மையாகவே இறங்குவதில்லை.

இன்று பிளக்கைப் பார்த்து, மூடியைச் சாய்த்து வைத்ததும் இணைப்பு அறுபடாமல் நிலைத்தது. நீ மகளோடு பேசும் கணக்கு தானாகத் திறந்துகொண்டது. அதை நான் யோசிக்கவே இல்லை. அங்கே அவளுக்கு உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்திருக்கிறது. கணினி கூவத் தொடங்கியது. திரையில் 'மகள்' என்று இருந்தது.

எடுத்தேன். மடியில் குழந்தையுடன் இருந்தாள். உன் முகத்தைத் தேடியவளுக்கு மறுபடியும் என் முகம். "அப்பா இல்லையெண்டு தெரியும் மாமா. கை தானா அமத்திட்டுது" என்று அழுதாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "புள்ள, அண்டைக்கு லெப்டொப்பில பிழையில்ல. பிளக் கழண்டு கிடந்திருக்கு. முதல்ல பிளக்கப் பார் எண்டு உங்கப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னவர். நான் பாக்கல்ல." அவள் அசையவில்லை. இணைப்புத்தான் நின்றுவிட்டதோ என்று மூடியைத் தொடப் போனேன்.

"மாமா, ஒண்டு சொன்னாக் கோவிப்பீங்களா?" என்றாள். "அண்டைக்குப் படம் அப்பிடியே நிண்டிட்டுது. உங்கட முகம் மட்டுந்தான். குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கிறீங்க. இப்ப வரும், இப்ப வரும் எண்டு இருந்தன். கையில அரிசி நனைஞ்சு போச்சு. மறுகா போட்டிட்டன் மாமா. உங்கட முகத்தப் பாத்துத்தான் வாய்க்கரிசி போட்டன். உசிரோட இருக்கிற ஆளுக்கு…"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நாளெண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள், அந்தப் பிள்ளை. அதனால்தான் என் அழைப்பை எடுக்கப் பயம்.

நான் சிரித்தேன் மச்சான். நீ போன பிறகு முதல் தரம். சிரித்துக்கொண்டே அழுதேன். "எனக்கு முழங்கால் நோவத் தவிர ஒண்டுமில்ல, புள்ள. இனி ஞாயிறில கோல் எடு" என்றேன். பேத்தியைக் காட்டினாள். மூக்கு உன்னுடையது, பாவம்.

தபால் கந்தோரில் இருந்தவரை, விலாசம் மாறி வந்த ஒன்றையும் நான் எறிந்ததில்லை. உனக்குத் தெரியும், மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள்ளால் கூட ஆளைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். உன் மகள் உனக்குப் போட்ட ஒரு பிடி அரிசி என்னிடம் வந்திருக்கிறது. நான் போடாமல் விட்டதும் அதனோடு இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் அங்கே வரும்போது உன் கையிலேயே தருவேன்.