தொட்டுப் பார்க்காத விளக்கு

என் உயிருக்கு உயிரான மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. வயிற்றெரிச்சல். எழுதி முடித்ததும் இதை நம் படிப்பகத்துச் சுவரில் ஒட்டப் போகிறேன். எதிர் டீக்கடைக்கு அந்த ஏட்டு தினமும் வருகிறான், படிக்கட்டும்.

எந்த ஏட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? போன வாரம் என்னையும் பிடித்துவிட்டான், மச்சான். அதே திருவொற்றியூர் ஹைரோட்டில், அதே முனையில், உன்னுடைய அதே சைக்கிளில். விளக்கில்லாமல் ஓட்டிய குற்றம். நாளை காலை கோர்ட்டு. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதா, இல்லை வழக்காடுவதா என்று ஒரு வாரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

உன் வண்டி என்னிடம்தான் இருக்கிறது. "எங்கண்ணன் வண்டி துருப்புடிச்சிப் போவ வாணாம், நீயே ஓட்டு" என்று உன் தங்கை தனம் கொடுத்துவிட்டாள். மணி இப்போதும் அடிப்பதில்லை. முன்னால் அந்த மண்ணெண்ணெய் விளக்கு அப்படியே இருக்கிறது, அதன் தகர மூடியில் நீ கீறிய 'ஏ' கூட அழியவில்லை.

சுவரில் படிக்கிறவர்களுக்காக, நீ பிடிபட்ட அன்றைய கதையைச் சொல்லிவிடுகிறேன். கடற்காற்றில் அந்த ரோட்டில் எந்த விளக்கும் நிற்காது. அதனால் போலீஸ்காரர்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தால் மூடி மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால், "சரி, கொளுத்திக்கினு போ" என்று விட்டுவிடுவார்கள். சில்லென்று இருந்தால் கேசு. எந்தச் சட்டத்திலும் இல்லாத நியாயம், ஆனால் எல்லாரும் அதை மதித்தார்கள்.

அன்று ஆலைச் சங்கு ஊதி, ஷிப்டு விட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் நாம் ஒரே வண்டியில் வந்தோம். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள் என்று முனைக்கு முன்னாலேயே நான் பின்னாலிருந்து குதித்துவிட்டேன், தினமும் செய்வதுதானே. நான் நடந்து வந்து சேர்வதற்குள் ஏட்டு உன் ஹாண்டில்பாரைப் பிடித்திருந்தான். "இப்பத்தான் ஏட்டய்யா காத்துல அணைஞ்சிது, தொட்டுப் பாருங்க" என்றாய். அவன் தொடவில்லை. நான் அருகில் போய்த் தொட்டேன். சுரீர் என்றது. "சுடுதுங்கய்யா" என்று சொன்னதும் அவன் என்னைப் பார்த்தான்.

"நீ யார்றா? டபுள்ஸ் வந்தியா? இவன் ஒனக்கு இன்னா வேணும்?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "யாருமில்லீங்க. வழியில போறவன்."

அதற்குள் நீ மறுபடி "தொட்டுப் பாருங்க" என்றாய். உன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். நான் பத்தடி தள்ளி, கொப்புளம் போட்ட கையை வேட்டியில் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அதோடு விட்டேனா? கேசு வந்ததும், "குத்தந்தான்னு சொல்லிட்டு வந்துடு மச்சான், அரை நாள்ல முடிஞ்சிடும், ஷிப்டு கெடாது" என்று புத்தி சொன்னவனும் நான்தான். நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிறது அதுதானே? நீயும் போய்த் தலையாட்டினாய். இங்கிலீஷில் எழுதியிருந்த அந்தக் கேசுக் காகிதத்தில் இரண்டு குற்றம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்று விளக்கு. இன்னொன்று, போலீஸ்காரரை எதிர்த்துத் தகராறு செய்தது.

அந்த இரண்டாவதுதான் உன்னைத் தின்றது. லாரிக் கம்பெனியில் டிரைவர் வேலை கைக்கு வந்துவிட்டது என்று லட்டு வாங்கி வந்தாயே, அவர்கள் விசாரித்துவிட்டு, போலீசோடு தகராறு செய்தவன் வேண்டாம் என்றார்கள். ஆலையிலும் ஆள் குறைத்தார்கள். நீ கரி இறக்கப் போனாய். அடுத்த மழைக்குள் மாரில் சளி கட்டி, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாய். ஏட்டுதான் கொன்றான் என்றால் டாக்டர் சிரிப்பார். நான் சொல்வேன், அவன்தான் கொன்றான். அவனோடு கூட யார் என்றும் எனக்குத் தெரியும்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். அன்று நான் விளக்கைக் கொளுத்தவே இல்லை. காற்றில் எப்படியும் அணையப் போகிறது என்ற சோம்பல். அவன் மறித்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இப்பத்தான் ஏட்டய்யா அணைஞ்சிது."

இந்த முறையும் அவன் தொடவில்லை. மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். "இந்த வண்டிய ஓட்டிக்கினு வந்த இன்னொருத்தனும் இதையேதான்டா சொன்னான். பொய் சொல்றதுலகூட ஒங்களுக்குப் புதுசா ஒண்ணும் தோணாதா?"

மச்சான், எனக்கு அங்கேயே அவன் குரல்வளையைப் பிடிக்கத் தோன்றியது. உன் உண்மையும் என் பொய்யும் அவனுக்கு ஒன்றாகிவிட்டது. நான்தானே ஆக்கிக் கொடுத்தேன்?

மறுநாளே கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்தேன். கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார். "தொட்டுப் பாக்கலியா? அப்ப மாட்டிக்கினான்! குத்தமில்லன்னு சொல்லு. அவன் கூண்டுல ஏறியாவணும். வெளக்கு சுட்டுதுன்னு நீ சொல்லு, இல்லன்னு அவன் எப்பிடிச் சொல்லுவான்? பேஜாராயிடுவான்." அன்று ராத்திரி சோறு ருசித்தது. அவன் கூண்டில் வியர்க்க நிற்பதையும், மாஜிஸ்திரேட் அவனைக் காய்ச்சுவதையும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பெரிய மனுஷத்தனம் எல்லாம் எனக்கு இல்லை, பழி வாங்கத்தான் ஆசை.

தனத்திடம் சொன்னேன். முதலில் பயந்தாள். "நாளைக்கும் அந்த ரோட்டுலதான போவணும்? அவன் உன்ன வுடுவானா?" என்றாள். பிறகு மீன் கழுவிய கையோடு வந்து எதிரில் நின்றாள்.

"நெசமாவே வெளக்கு சுட்டுச்சா?"

என்னால் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "இல்ல" என்றேன்.

"எங்கண்ணன் வெளக்கு சுட்டுச்சுய்யா. அது ஒண்ணுதான் அவனுக்குன்னு மிச்சம் கீது. அதையும் உன் பொய்யோட சேத்துக் கொழப்பாத." அவ்வளவுதான் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. பழி வாங்கவும் விடமாட்டேன் என்கிறாளே என்று அவள் மேலேயே கோபம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த முனையில் அவன் நின்றான். நேற்று விளக்கைத் துடைக்கும்போது மூடியில் உன் எழுத்து விரலில் நெருடியது. அப்போதுதான் முடிவு செய்தேன்.

என் கேசுக்காக நான் வழக்காடப் போவதில்லை, உன் கேசுக்காகத்தான் பேசப் போகிறேன்.

நாளைக்கு இந்த விளக்கைக் கழற்றிக் கையில் கொண்டுபோவேன். திரியைக் கொளுத்திக்கொண்டு வராந்தாவில் காத்திருப்பேன். பேரைக் கூப்பிட்டதும் ஊதி அணைத்துவிட்டு உள்ளே போவேன். "ஐயா, போன வாரம் என் விளக்கு எரியவில்லை, நான் சொன்னது பொய், அபராதம் போடுங்கள்" என்பேன். அதற்குள் மூடி ஆறியிருக்காது. அதை மேஜை மேல் வைப்பேன். "இதே விளக்கை இந்த ஏட்டய்யா ஒரு நாள் தொட மாட்டேன் என்றார். இப்போது தொடச் சொல்லுங்கள்" என்பேன். என் புறங்கைத் தழும்பையும் காட்டுவேன்.

தொட்டால் சுடும். தொடாவிட்டால், நாளைக்கு அவன் கேசு போட்டுக் கூட்டி வந்திருக்கும் ஐம்பது பேரும் அவன் தொடாததைப் பார்ப்பார்கள். சேவகன் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம். எதிர்த்துப் பேசினான் என்று என் பேரிலும் இரண்டாவது குற்றம் எழுதலாம். எழுதட்டும். இந்த முறை அது உண்மையாகவாவது இருக்கும்.

நீ இருந்தால் வேண்டாம் என்பாயா, கூட வருவாயா? தெரியவில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். 'இவன் உனக்கு என்ன வேணும்' என்று நாளைக்கு யார் கேட்டாலும் பத்தடி தள்ளி நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
வழியில் போகிறவன் இல்லை,
உன் தங்கை புருஷன்,
சுந்தரம்.