இராசம்மாவின் சிவப்புப் புள்ளி

யூன் 9, திங்கள்

சோளகக் காற்று பலம். படலைக் கயிறு அறுந்துவிட்டது. புதுக் கயிறு வாங்க வேண்டும்.

பின்னேரம் வாசிகசாலையில் வகுப்பு. எல்லாரும் வயது போன ஆட்கள். ரீச்சர் இன்று ரப்லெற் கொண்டுவந்தா, புத்தகமளவு போன். (இனி ரீ. என்று எழுதுவேன். நாளுக்கு நாலு வரி எழுதிப் பழகச் சொன்னவ, கை நோகிறது.)

அதற்குள் அப் என்று ஒன்று. எங்கள் பேர் எல்லாம் வரிசையாய். ரீ. ஒவ்வொருவராய் யன்னலோர மேசைக்குக் கூப்பிட்டுத் தனியே வாசிக்கச் சொல்லுறா. எங்கே தடக்குகிறோம், அடுத்தமுறை என்ன பார்க்கவேண்டும், எல்லாம் அதில் பதிவு. குரலையும் பிடித்து வைக்குமாம். சரியாய் வாசித்தால் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. தடக்கினால் சிவப்பு.

எனக்குப் பச்சை. பேரையும் நானே வாசித்தேன். நா-க-லி-ங்-க-ம். போன வருசம் இதைக் காட்டியிருந்தால் பேரோ, பூச்சி ஊர்ந்த தடமோ என்று தெரிந்திராது.

இன்றைக்கு ங் திரும்பப் பார்க்கிற பாடம். ரீ. கேட்டா, "ஆருடைய பேரில இந்த எழுத்து வருது?" கையைத் தூக்கினேன். உடனே பலகையில் எழுதினா: நாகலிங்கம் சங்கு எடுத்தார். தேங்காய் உடைத்தார். பனங்கிழங்கு தின்றார்.

பக்கத்துக் கதிரையில் செல்லையா: "சங்கை எடுத்து ஆருக்கு ஊதப் போறீர்?"

சிரிப்பு. ஆனால் பலகையில் என் பேர். மேசையில் எல்லாரும் வாசிக்கவேண்டிய தாளிலும் அதேதான். வீடு வரும்வரை கால் நிலத்தில் இல்லை.

என் மனிசி இராசம்மாவும் அதே வகுப்பு. இவவுக்குச் சிவப்பு. பரவாயில்லை.

யூன் 11, புதன்

காற்று. வள்ளம் ஓடவில்லை. சீனி முடிந்தது, கடையிலும் இல்லை. ரீ. நெடுந்தீவிலேயே அறை எடுத்திருப்பது எங்கள் புண்ணியம். வகுப்பு நடந்தது.

எனக்குப் பச்சை. இவவுக்குத் திரும்பவும் சிவப்பு, அதே பாடத்தில். எங்கே தடக்கினவ என்று ரீ.யிடம் கேட்டேன். "அது அவவும் நானும் கதைச்சது ஐயா." நல்ல பிள்ளை. வாயை விடாது.

இரவு கூழ். உப்பில்லை. குடித்து முடித்தேன்.

யூன் 13, வெள்ளி

இவவுக்கு மூன்றாம் முறையும் சிவப்பு. வாற புதன் இரண்டாம் புத்தகம் தொடக்கம். பச்சை உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் முதற் புத்தகத்தைத் திரும்பத் தொடங்கவேண்டும்.

வழியில் இவ: "நான் இனி வரேல்லை. நீங்கள் போங்கோ. எனக்கு மண்டையில ஏறாது."

"துறையில நிண்ட வள்ளத்தில எழுதின பேரெல்லாம் வாசிச்சனீரெல்லோ?"

"அது வேற."

இந்த வகுப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனதே இவதான். நான் வெட்கப்பட்டு ஒளித்து நிற்க, "மாடு கூடத் தன்னைக் கட்டுற கட்டையை அறிஞ்சு வருது, உங்களுக்கு என்ன வெக்கம்?" என்று கேட்டவ. இவ வராத வகுப்பில் எனக்கு என்ன இரண்டாம் புத்தகம்?

யூன் 15, ஞாயிறு

மாட்டுக்குத் தண்ணி. வேலிக் கல் சரிந்தது, அடுக்கினேன். கயிறு வாங்கியாயிற்று.

காலமை குசினிக்குள் அடுப்படியில் இவவின் குரல், மெல்லமாய். கதவடியில் நின்றேன். பாடத்தாளை மடியில் வைத்து வாசிக்கிறா. "சங்கு எடுத்தார். தேங்காய் உடைத்தார். பனங்கிழங்கு தின்றார்." ஒரு தடக்கல் இல்லை. முதற் சொல்லைத்தான் காணவில்லை. அதன்மேல் பெருவிரல்.

நின்ற இடத்திலேயே விளங்கிற்று. கலியாணம் முடித்த நாளிலிருந்து இவ என் பேரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்லுவா. கையைத் தூக்கின மடையன் நான்.

"ரீச்சரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? சொல்லுறதெண்டால் அதைச் சொல்லவெல்லோ வேணும்."

சிரிப்பும் வந்தது. கண்ணும் கலங்கிற்று.

யூன் 16, திங்கள்

வெள்ளென வாசிகசாலைக்குப் போய் ரீ.க்குச் சொன்னேன். தலையில் கை வைத்தா. "ஐயோ, அப்பாவை என்ர அம்மா பேர் சொல்லித்தான் கூப்பிடுறவ. எனக்கு இது யோசனையிலயே வரேல்லை. வேற பேர் போடுறன், கூட்டிக்கொண்டு வாங்கோ."

கூட்டிவந்தேன். இவ மேசைக்கு முன் இருந்து தாளைக் கனநேரம் பார்த்தா. பிறகு: "மாத்த வேண்டாம் பிள்ளை. மற்ற ஆக்கள் வாசிச்சதைத்தான் நானும் வாசிப்பன். இவரை வெளியில போகச் சொல்லுங்கோ."

செல்லையா: "வெளியில காணாது. அக்கரை குறிகட்டுவானுக்கு வள்ளம் ஏத்திவிடுங்கோ."

கிணற்றடிக்குப் போனேன். காற்று இரைச்சல். ஒன்றும் கேட்கவில்லை. கைகாட்டிக் கூப்பிட்டபோது உள்ளே எல்லாரும் கைதட்டுகினம். இவ குனிந்த தலை நிமிரவில்லை. ரப்லெற்றில் பச்சை.

யூன் 18, புதன்

காற்றுக் குறைவு. வள்ளம் வந்தது. சீனி, தேயிலை, சவுக்காரம்.

இரண்டாம் புத்தகம். இரண்டு பேருக்கும். மட்டையை இவ திரும்பத் திரும்பத் தடவுறா. இந்தப் பிள்ளை எங்களுக்கு ரீச்சராய் வந்ததுக்கு எந்தக் கோயிலில் கற்பூரம் கொளுத்துவது?

வகுப்பு முடிய ரீ.யிடம் கேட்டேன், பிடித்து வைத்த குரலைக் கேட்கலாமோ என்று.

"அது அம்மான்ர வாசிப்பு. அவவைக் கேளுங்கோ."

நியாயம். இவவைக் கேட்டேன். முறைத்தா. புத்தகத்தைப் பைக்குள் வைத்தா. பையை இரண்டுதரம் கட்டினா. "நான் வெளியில போனாப் பிறகு" என்றா. போய்ப் பூவரசடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.

ரீ. விரலால் தட்டினா. முதலில் காற்று. ஓர் இருமல். பிறகு இவ. நா-வில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாய், கடைசி ம் வரைக்கும். பிறகு எல்லாம் சேர்த்து ஒருதரம், சுடுசட்டியை இறக்கி வைக்கிற கெதியில்.

"இன்னொருக்காப் போடு பிள்ளை" என்றேன்.